வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

"ஐயோ, என்னைக் கொன்னு போட்டுருங்க!" சிவகாசி ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில், வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கத்தியவள் நான்தான். மானம், மரியாதை எல்லாம் விடியும்போதே போய்விட்டது.

மயக்க டாக்டர் வந்தார். முதுகில் ஊசி குத்தி, மெல்லிய குழாய் வழியாக மருந்து கொடுத்தால் வலி பெருமளவு அடங்கும், நினைவும் இருக்கும் என்றார். ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் மரத்துப்போகலாம், முக்குவதற்கு நேரம் கூடலாம், சிலருக்குப் பின்னால் கடும் தலைவலி வரும், நரம்பு பாதிப்பது மிக அபூர்வம். எதையும் மறைக்கவில்லை. "சம்மதம்னா கையெழுத்துப் போடுங்கம்மா. உங்களுக்குப் பிரசவம் வேகமா நெருங்கிட்டு வருது."

பேனாவை வாங்கிவிட்டேன். அப்போது மாமியார் என் கையைப் பிடித்தார். "செத்த பொறு தாயி. ராகு காலம் ஓடுது. முதுகெலும்புல குத்துற காரியம். பன்னெண்டுக்கு மேல போட்டுக்கிடலாம்."

எங்கள் குடும்பத் தொழில் காலண்டர் அச்சடிப்பது. தினசரித் தாளில் ராகு காலத்துக்குப் புரூஃப் பார்ப்பவள் நான். எல்லா வெள்ளிக்கும் அதே பத்தரை முதல் பன்னிரண்டு. போன வருஷத்துத் தாளைப் பார்த்தே அடிப்போம். இதையா நம்புகிறீர்கள் என்று வேலையாட்களை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! ஆனால் நரம்பு என்றாரே டாக்டர். கால் விளங்காமல் போனால்? பேனாவைக் கீழே வைத்தேன். மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டாக்டர் வேறொரு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று பத்து. உயிர் போய்த் திரும்பியபின் பார்த்தால் பதினொன்று பன்னிரண்டு.

"அத்தை, ராகுவும் வேணாம், கேதுவும் வேணாம், ஊசியைப் போடச் சொல்லுங்க!"

"இந்தா முடியப்போகுது தாயி." என் காலைத் தேய்த்தபடி அவரும் அழுதார்.

பன்னிரண்டு அடித்ததும் நானே பேனா கேட்டேன். பிரசவம் பார்த்த டாக்டரம்மா தலையை ஆட்டினார். "தலை தெரியுதும்மா. இனி ஊசிக்கு நேரமில்ல. முக்குங்க."

மகள் பிறந்தாள். "நல்ல நேரத்துல வந்துட்டா" என்று மாமியார் பூரித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் குமுறிக் குமுறி அழுதேன்.

மூன்றாம் மாதம், அடுத்த வருஷக் காலண்டரின் புரூஃப் மேஜைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு. பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.