மரியாதையாகக் கேட்டவர்

ஃபைனான்ஸ் கம்பெனி கலெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவள் நான். இப்போது துடியலூரில், கடனில் மாட்டிக்கொண்ட இளவட்டங்களுக்கு இலவசமாக யோசனை சொல்லும் ஒரு சின்ன அறையில் உட்காருகிறேன். வசூல் பண்ணினவளே வழி சொல்கிறாளா என்று வீட்டில் கேலி. பாம்பின் கால் பாம்பறியும் என்பேன்.

அங்கே உட்கார்ந்த முதல் நாளே நந்தினி வந்தாள். பம்ப்செட் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவன் பிரவீணுக்குச் சாப்பாடு டெலிவரி செய்யும் வேலை. காதல் கல்யாணம், இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. பிரவீண் வண்டியோடு விழுந்து கால் முறிந்து கிடந்தபோது லோன் ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதை அடைக்க இன்னொரு ஆப். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“வாங்கறப்ப இனிச்சுதா? உன் கம்பெனிக்கே வந்து மானத்த வாங்கறேன் பாரு!”

நந்தினி அவசரமாகப் போனை அணைத்தாள். எனக்குப் பயம் வரவில்லை. கையில் அடமானம் எதுவும் இல்லாதவன்தான் அப்படிக் கத்துவான். அந்தத் தொனியைப் பயிற்சியாகவே கொடுப்பார்கள். குரைக்கிற நாய் கடிக்காது.

“மாசாமாசம் இவனுக்குக் கட்டறியா அம்மணி?”

“சம்பளம் வந்ததும் மொதல்ல இவங்களுக்குத்தானுங்க. பயமா இருக்குதுங்க.”

“ஊட்டு வாடகை?”

அவள் முகம் தெளிந்தது. “அது பரவால்லீங்க. ஊட்டுக்கார ஐயா தங்கமானவருங்க. இருக்கறப்ப குடு கண்ணுன்னு சொல்லிப்போட்டாருங்க.”

கத்தினவனைவிட அந்தத் தங்கமானவரை நினைத்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். காபி வந்தது. மனிதர் குரலை உயர்த்தவே இல்லை.

“புள்ளைய ஒரு வார்த்த கடிஞ்சு கேட்டிருப்பனுங்களா? பாக்கிய அட்வான்ஸுல கழிச்சுட்டே வந்தனுங்க. போன மாசத்தோட அது தீந்துபோச்சுங்க. இந்த மாசக் கடைசீல காலி பண்ணிக் குடுத்துருங்க. வேற ஆளுகிட்ட பேசிப்போட்டனுங்க.”

நந்தினி என்னைப் பார்த்தாள். அந்த அட்வான்ஸ், வளையலை விற்றுக் கொடுத்தது. “அது பத்திரமா இருக்குதுன்னுல்லீங்க நெனச்சேன்,” என்றாள்.

கெஞ்சிப் பார்த்தேன். “எனக்கும் வாடகைய உட்டா வேற வருமானம் இல்லீங்க,” என்றார். பொய்யில்லை. அவர்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆப்காரர்கள் என்ன ஆனார்கள் என்கிறீர்களா? போலீஸில் புகார் கொடுப்போம் என்று எழுதிப் போட்டதும் கத்தல் நின்றது. வட்டியைத் தள்ளுபடி செய்து, சின்னத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். வீடுதான் போய்விட்டது. வேறு வீடு பிடிக்க அட்வான்ஸுக்கு வழியில்லை. பிரவீண் மேட்டுப்பாளையத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறான், நந்தினி கம்பெனி ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்கிறார்கள். தாலி கட்டிக்கொண்டவர்கள்! நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பணம் கட்டுவதில் கூரையும் கரண்டும் முதலில், கத்துகிறவன் கடைசியில். இந்த வேலையில் நான் படித்த பாடம் இவ்வளவுதான். நம் ஊரில் வெளியே போகச் சொல்வதையும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். அதனால் இப்போது யார் வந்தாலும், மிரட்டுகிறவனைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. “உன்கிட்ட மரியாதையாக் கேட்டுட்டுப் போனது யாரு கண்ணு?” என்று கேட்கிறேன்.

பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் சிரித்த முகமாகத்தான் சொல்கிறார்கள்.