காரணம் கேட்காத உத்தரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு நின்றவன் ஜப்பான் பாஷையைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

திருமானூர் பக்கம் எங்கள் வீடு. நர்சிங் முடித்த என் மகள், ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அந்த ஊர் பாஷையைப் போனிலேயே படித்தாள். காலையில் நான் சாமி விளக்கேற்றும் நேரத்தில் அவளுக்கு வகுப்பு. ஒரு நாள் சென்னையிலிருந்து பாடம் எடுக்கும் டீச்சர் சிரிப்பது கேட்டது.

"ஏம்மா, எல்லாத்துக்கும் கடைசியில 'ன்தெஸ்' போடுறே? உன் மேல யாராச்சும் கேஸ் போட்டிருக்காங்களா?"

வகுப்பு முடிந்ததும் என்னம்மா அது என்று கேட்டேன்.

"'இகிமாஸ்'னா போறேன். வெறும் சேதிப்பா. 'இகுன்தெஸ்'னா, 'விஷயம் இப்படி, அதான் போறேன்'னு விளக்கம் சொல்ற மாதிரி. காரணம் சொல்ல வேண்டிய எடத்துல போட்டா நல்லாருக்கும். தொட்டதுக்கெல்லாம் போட்டா சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும். கேள்வியில போட்டா சில நேரம் குடைஞ்சு கேக்குற மாதிரி இருக்கும்."

"நீ எதுக்குப் போட்டே?"

"பேரு சொல்றப்ப, ஊரு சொல்றப்ப... தானா வந்துடுதுப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் டவுனுக்குப் போனாய், ஏன் லேட்டு, ஏன் சிரித்தாய் என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்பட்ட பிள்ளை. வேறு எப்படிப் பேசுவாள்?

வேலை உறுதியானதும் என் அண்ணன் வந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லை யாரும் தட்டியதில்லை.

"பொட்டப்புள்ளைய கடல் தாண்டி அனுப்புறியே, வூட்ல சோறு இல்லியா? சாமிகிட்ட பூப்போட்டுக் கேளுப்பா."

சரி என்றேன். குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டோம். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "சரியா குலுக்கல. இன்னொரு தடவ போடுவோம்."

"வேண்டாண்ணே."

"ஏன்?"

"சாமியே ஏன்னு கேக்கல. உத்தரவுதான் குடுத்துச்சு. எம் பொண்ணு போறா."

"ஊரு கேட்டா என்னடா சொல்லுவே?"

"போறான்னு சொல்லுவேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கேட்டு வாங்கிய உத்தரவை நம்பாமல் மறுபடி கேட்பது எனக்குப் பக்தியாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

"பெரியப்பா கோவிச்சுக்கிட்டாங்களே. ஏன் போறேன்னு நான் போய் சொல்லிட்டு வரட்டாப்பா?" என்றாள் மகள்.

"அவர்கிட்ட விபூதி வாங்கிக்க. போறேன்னு மட்டும் சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டு வந்தாள். போயும் விட்டாள். அண்ணன் இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவருக்காகவும்தான் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் விளக்கம் சொல்லப் போகமாட்டேன்.

வீட்டில் கஷ்டம் என்று சிலரும், காதலுக்குப் பயந்து அனுப்பிவிட்டார்கள் என்று சிலரும் ஊரில் பேசுகிறார்கள். படிக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். சாமி உத்தரவு கொடுத்தது, அவள் போனாள். உங்கள் பங்குக்கு ஒரு காரணத்தை அதன் வாலில் கட்டிவிடாதீர்கள்.