ஒன்றாம் எண் தொட்டி

என் நாட்குறிப்புப் பையில் சிவப்புப் பிடி போட்ட சின்னத் திருப்புளி ஒன்று இருக்கிறது. கருவிகளுக்கு எண் வைக்கும் குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளுவதற்கானது. என்னுடையதல்ல, என்னோடு வேலை பார்த்த மேடத்துடையது. அவர் கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரர்.

அது என்னிடம் வந்தது ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த ஆறு குடிநீர்த் தொட்டிகளின் நீர்மட்டமும் பம்பு அறைத் திரையில் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால், முழங்கால் வலிக்காரரான பம்பு இயக்குபவர் மறுநாள் அத்தனை கூட்டத்தில் ஆறு தொட்டியிலும் ஏணி வைத்து ஏற வேண்டியதுதான். ஆர்எஸ்-485 முறைப்படி எல்லாத் தொட்டிக்கும் சேர்த்து ஒரே இரட்டைக் கம்பி. அறையிலிருக்கும் கருவி எண் சொல்லி அழைக்கும். அந்த எண்ணுக்குரிய தொட்டி மட்டும் பதில் தர வேண்டும். மூன்று தொட்டிகளுக்கு நான் எண் வைத்தேன், மூன்றுக்கு மேடம்.

திரையில் ஒன்று முதல் மூன்று வரை வெறும் பிழைச் செய்தி. நான்கு முதல் ஆறு வரை பதிலே இல்லை. கம்பிகளைக் கழற்றிப் பூட்டினேன், முனையிலுள்ள மின்தடையை மாற்றினேன், ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்தேன். மூன்று மணிக்குப் பம்பு இயக்குபவர் பொறுமையிழந்தார்.

"காலையிலேர்ந்து வயரோட பேசறீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினீங்களா?"

அப்போதுதான் பேசினோம். கோயில் பக்கமிருந்து வரும் முதல் தொட்டிக்கு நான் ஒன்று வைத்திருந்தேன். மேடமும் தன் மூன்றுக்கு ஒன்றிலிருந்தே தொடங்கியிருந்தார். அழைத்தபோதெல்லாம் இரண்டு தொட்டிகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லியிருக்கின்றன.

"கிரிவலம் கோயில்லேர்ந்துதானே மேடம்?"

"அது உங்களுக்கு சார். நாங்க எங்க வூட்டாண்ட ஆரம்பிச்சி அங்கயே முடிப்போம். அப்ப அதானே ஒன்னு?"

"என் டைரியில..."

"டைரியில எல்லாம் இருக்கும். என் வூட்டு வாசல் இருக்குதா?"

இல்லைதான். அவருடைய திருப்புளியை வாங்கிக்கொண்டு போய் என் மூன்று தொட்டிகளையும் நான்கு, ஐந்து, ஆறு ஆக்கினேன். நான்கு பத்துக்கு ஆறு நீர்மட்டமும் திரையில் வந்தன. பம்பு இயக்குபவர் ஏணியை ஒரு உதை உதைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ சொன்னார்.

மேடம் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். இந்தப் பௌர்ணமிக்கும் ஒன்றாம் எண் தொட்டியருகே தொடங்கி, மலையைச் சுற்றி அங்கேயே முடித்தேன். வாசலில் நின்றிருந்தார்.

"என் ஸ்க்ரூடிரைவர் எங்க சார்?"

"அடடா, மறந்துட்டேன் மேடம். அடுத்த பௌர்ணமிக்குக் கண்டிப்பா."

திருப்புளி பையில்தான் இருந்தது. அந்தப் பொய்யை மட்டும் நான் குறித்து வைப்பதில்லை.