கறிக்கட்டையில் விழுந்த முகம்

“முடிய விடுய்யா! தெருவே பாக்குது!”

“பாக்கட்டும்! அக்கா வீட்டுக்கா போற? தலை இருந்தாத்தானேடி போவ!”

கத்தியது கறிக்கடைக்காரனும் அவன் பெண்டாட்டியும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எல்லாம் என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. நான் சுவரில் காது வைத்துக் கேட்டதாகச் சொல்வார்கள். பொய். சன்னலில்தான் வைத்திருந்தேன். மீதியை அவளே சொன்னாள்.

முன்பெல்லாம் அவன் சாது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் கத்தியைத் தொடுவான். பிறகு என்ன வந்ததோ, வாசலில் நின்ற நாயின் காலை வெட்டினான். அடுத்து, கூட வேலை பார்த்த சொந்தத் தம்பியின் மணிக்கட்டை உடைத்தான். தம்பி ஓடிப்போனதும், அடி வாங்க இவள் மட்டும்தான் மிச்சம்.

கறி கொத்தும் கட்டையில் நடுவே குழி விழுவது வழக்கம். தச்சர் வந்து இழைத்துச் சமமாக்குவார். நாய் அலறிய மறுநாள் ஓரத்தில் குழி விழுந்தது. கத்தியே படாத இடம். இழைத்தார்கள். தம்பி கை உடைந்த மறுநாள் அதே இடத்தில், இன்னும் ஆழமாக.

“இது காது மாதிரி இருக்கும்மா. நான் தொட மாட்டேன்” என்று தச்சர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அடிபட அடிபட அது வளர்ந்தது. கன்னம். தாடை. ஒருக்களித்துப் படுத்த முகத்தின் அச்சு.

அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம், கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அவள் தலையை அதில் வைத்து அழுத்தினான்.

பொருந்தவில்லை. அவள் முகத்துக்கு அது பெரிது. மரம் சொரசொரவென்று குத்தியது... மழிக்காத தாடி போல.

“அசையாத.”

கத்தி உயர்ந்தது.

கட்டைக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

அவன் பிடி விட்டது. கதவுக்கடியில் ஊர்ந்து என் வீட்டுக்கு ஓடி வந்தாள். தாழ்ப்பாள் போட்டேன்.

“விடு... யார்றா அது... விடுடா!” அவன் குரல்.

டக்.

அமைதி...

பிறகு, டக். டக். டக். நிதானமாகக் கறி கொத்தும் சத்தம்.

“உயிரோடதான் இருக்கான்” என்றேன். அவள் அழுதாள். நிம்மதியிலா, ஏமாற்றத்திலா? என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

காலையில் கடை திறந்திருந்தது. நோட்டம் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு திரும்பினால் நன்றாக இருக்காதே, அரைக் கிலோ கேட்டேன். குனிந்த தலை நிமிராமல் பொட்டலத்தை நீட்டினான். விரல்கள் சில்லென்று இருந்தன.

மதியம் சத்தம் நின்றது. தெருவில் வந்த ஐஸ் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து அலறினார்.

கட்டைமேல் கிடந்தான். கன்னம், தாடை, காது... அச்சில் வார்த்தது போல் குழியில் பொருந்தியிருந்தன. கழுத்தில் ஒரே வெட்டு. கழுவித் துடைத்த கத்தி கொக்கியில் தொங்கியது.

“செத்தது நேத்து சாயங்காலம்” என்றார் பிணத்தைப் பார்க்க வந்த டாக்டர்.

“காலைல எனக்குக் கறி குடுத்தானே!”

“வேற யாராவது இருந்திருப்பாங்கம்மா.”

குனிந்திருந்தாலும் அவன் மூக்கு மரு எனக்குத் தெரியாதா?

அன்று கடைக்கு ஆடே வரவில்லை என்று ஆட்டு வியாபாரி அடித்துச் சொன்னார். என் வீட்டுக் குழம்பு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போன தம்பி வந்து கடையை விற்றுவிட்டுப் போனான். அவள் ஐஸ் வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போனாள். இப்போது வாயும் வயிறுமாக இருக்கிறாளாம்.