நங்கூரத்தில் நின்ற கப்பலும் நான்கு ஜியும்

மகள் பிறந்தபோது என் கணவர் நிலக்கரிக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தார். அவளுக்குத் தலை நிற்கத் தொடங்கிய சமயம் அந்தக் கப்பல் எண்ணூருக்கு வந்தது. துறைமுகத்துக்குள் இடமில்லாமல் வெளியிலேயே நங்கூரம் போட்டு நின்றது. இறங்க அனுமதி இல்லை. திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் நாலைந்து கப்பல்கள் தெரிந்தன. எது அவருடையது என்று தெரியவில்லை.

கரையின் சிக்னல் அங்கே விட்டு விட்டு எட்டியது. பேச்சு வந்தது, வீடியோ வரவில்லை. “உன் போன்ல செட்டிங்க மாத்திப் பாருமே” என்றார். திறந்தேன். ‘விருப்பமான நெட்வொர்க் வகை’ என்று போட்டு, கீழே 5ஜி, 4ஜி, 3ஜி, 2ஜி. என் விருப்பம் அவருக்குக் குழந்தையைக் காட்டுவது. அதற்கு எதைத் தொடுவது?

“5ஜி போடு அண்ணி, அதான் ஸ்பீடு” என்றாள் நாத்தனார். போட்டதும் இருந்த சிக்னல் கோடுகளும் போய்விட்டன.

குழந்தையோடு ரீசார்ஜ் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “5ஜி தூரம் போவாதும்மா, 4ஜி வெச்சிக்க” என்றார் கடைக்காரர். பிறகு அவரே யோசித்தார். “ஆனா கப்பல்ல கீறது அவருதானே? அவரு போன்லதான் மாத்தணும்.”

“அப்ப என்னுதுல?”

“எதுக்கும் ரெண்டுலயும் மாத்திப் பாரு.”

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். “4ஜி வெச்சிட்டேன்யா. நீயும் வை.”

“4ஜி வெச்சா கோடே நிக்க மாட்டேங்குதுமே. 2ஜில கீறதாலதான் இப்ப பேசிகினு கீறேன்.”

“2ஜில படம் வராதாமே?”

“இன்னா பேஜாருடா இது” என்றார். “சரி, மாத்துறேன், இரு.” லைன் அறுந்தது.

மாடிக்கு ஓடினேன். என் போனில் எதையெதையோ மாற்றினேன். எதில் நிறுத்தினேன் என்றே நினைவில்லை. திடீரென வீடியோ அழைப்பு வந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஏதோ மஞ்சள் அசைந்தது. அவசரமாகக் குழந்தையைக் காட்டினேன். எல்லாம் உறைந்து, அணைந்தது.

சற்று நேரத்தில் குரல் மட்டும் வந்தது. “பாத்துட்டேன்மே! காது அப்டியே என்னுது மாதிரி கீது.”

கடற்காற்றுக்குப் பயந்து அவளுக்குக் காதை மூடிக் குல்லா மாட்டியிருந்தேன்.

“ஆமாய்யா, அப்டியேதான் கீது” என்றேன். அவர் உண்மையில் எதைப் பார்த்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.