பாரவ்வாவின் நான்கு குழாய்கள்

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான்கு சின்னக் குழாய்களையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே எண்ணுகிறார் பாரவ்வா. எதிரே ரத்தம் கொடுத்தவர் என்ன கேட்டாலும் பத்து முடியாமல் பதில் வராது. முடிந்ததும், "இப்ப சொல்லு, சாப்டியா?" என்பார். எங்கள் காசநோய் மையத்துக்காகப் பழைய ஹூப்ளியின் சந்துகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். ஐம்பத்து மூன்று வயது. இல்கல் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கைப்பையில் எப்போதும் கடலைச் சட்னிப் பொடி. யார் வீட்டில் ரொட்டி கொடுத்தாலும் தொட்டுக்கொள்ளத் தன்னுடையதுதான் வேண்டும். "ஊரார் சட்னில உப்பே இருக்காது தம்பி."

அந்த ரத்தத்தைச் சோதிக்கிறவன் நான். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் என் கன்னடத்தைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு.

இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. ரத்தத்தில் இருக்கும் காவல் அணுக்களிடம் காசநோய்க் கிருமியின் துணுக்கைக் காட்டி, இவனை உனக்குத் தெரியுமா என்று கேட்கிறது. பாரவ்வா வீடுகளில் சொல்வது இன்னும் எளிது. "வீட்டுக்குள்ள திருடன் பூந்திருக்கானான்னு நாய்கிட்ட கேக்குறோம். குரைச்சா பூந்திருக்கான்னு அர்த்தம். அவன் தூங்குறானா முழிச்சிருக்கானான்னு நாய்க்குத் தெரியாது. அதுக்கு நெஞ்சுப் படம் எடுக்கணும்."

ஆளுக்கு நான்கு என்று இந்தக் குழாய்கள் எங்களுக்கு வந்தது போன மே மாதம். அப்போதுதான் மார்க்கெட் சந்தில் சோள ரொட்டி தட்டும் வீட்டில் கஸ்தூரவ்வாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. கூடவே உட்கார்ந்து ரொட்டி தட்டிய ஐந்து பெண்களையும் சோதிக்க வேண்டும். நான்கு பேர் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். மகானந்தா மட்டும் முடியவே முடியாது என்றாள். புருஷன் விட்டுப் போனவள், நாலு வயசில் ஒரு பெண். "எனக்கும் இருக்குன்னு பேச்சு கெளம்புனா என் கையால தட்டுன ரொட்டிய எவன் தின்பான்? பிள்ளைக்கு நான் எதப் போடுவேன்?" பாரவ்வா மூன்று மதியம் அங்கே போய் உட்கார்ந்து, கோணல்மாணலாக ரொட்டி தட்டி, ரத்தம் எடுக்க அவள் கையை வாங்கினார்.

ரத்தம் எடுத்த மூன்றாம் நாள் நான் பார்த்தால் ஐந்து பேருக்குமே நான்காவது குழாய் ஊமையாக இருக்கிறது. யாருடைய ரத்தமானாலும் உசுப்பிவிடும் மருந்து உள்ள குழாய் அது. அணுக்கள் நல்லபடியாக இருந்தால் பதில் வந்தே தீரும்.

"அக்கா, ஐஸ்ல வெச்சீங்களா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "வெயில் கொளுத்துச்சு தம்பி. பதினெட்டு வருஷமா சளியானாலும் ரத்தமானாலும் ஐஸ்லதான வெச்சேன்."

இந்த ரத்தத்துக்குக் குளிர் ஆகாது. பயிற்சியில் சொன்னதுதான், பழகின கை கேட்கவில்லை. மிஷின் கெட்டுப்போனதாகச் சொல்லிவிடலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு வாயில்லன்னு அது தலைல போடுறதா?"

இரண்டு பேருமாகப் போனோம். தப்பு என்னுடையது, மறுபடி எடுக்க வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மகானந்தா மாவுக் கையை உதறினாள். "எங்க ரத்தம் என்ன மோராக்கா, இன்னொரு செம்பு ஊத்திக் குடுக்க? ஊரையெல்லாம் குத்துறியே, உன்ன யாராவது குத்திப் பாத்திருக்காங்களா?"

பாரவ்வாவின் புருஷன் இதே நோயில்தான் போனார். அதற்கப்புறம் இருமுகிறவர்கள் நடுவிலேயே வேலை, ஒருநாளும் தன்னைச் சோதித்துக்கொண்டதில்லை. நாங்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"இல்ல தங்கச்சி. பயம்," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து கையை என்னிடம் நீட்டினார். நான் ஊசி பிடித்து வருஷங்களாகிவிட்டன, இரண்டாம் தடவைதான் நரம்பு கிடைத்தது. "கன்னடம் பேசுற மாதிரியே குத்துறான்," என்றார், கண்ணில் தண்ணீரோடு. பெண்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த கை மகானந்தாவுடையது. ஐஸ் இல்லாத பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் பாரவ்வா.

நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. மகானந்தாவுக்கும் பாரவ்வாவுக்கும் நாய் குரைத்திருந்தது. படம் எடுத்ததில் இரண்டு நெஞ்சும் சுத்தம், சளியிலும் கிருமி இல்லை. "தூங்குறான்," என்று சொல்லிப் பாரவ்வா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூங்குகிறவன் எழுந்துவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை மூன்று மாத்திரை, பன்னிரண்டு வாரம்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் ரொட்டி வீட்டுக்குப் போனோம். மகானந்தா மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நோயே இல்லங்குற. இத முழுங்குனா நோயாளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

பாரவ்வா தன் மூன்று மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மாத்திரை விழுங்குகிறவர்கள் எங்கள் ஊழியரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது மையத்து வழக்கம். பாரவ்வா முழங்கால் இடிக்க மகானந்தாவின் எதிரே நகர்ந்து உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்குக் காட்டினார்.