வாசலில் நின்ற மத்தியப் படை

கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயர்லெஸ்ஸில் பேசிப் பேசி, வீட்டிலும் பேச்சை முடிக்கும்போது "ஓவர்" என்கிறாள் என்று கணவர் கிண்டல் செய்வார். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்து, இந்த மாநிலப் போலீஸ் வேலையில் சேரச் சொன்னது அண்ணன்தான். அவர் மத்தியப் படைக்காரர்.

பள்ளிக்கூடம், வரி என்று ஒவ்வோர் அதிகாரமாக மத்திய அரசிடமிருந்து மாநிலத்தின் கைக்கு வந்தபோது ஊரே கொண்டாடியது. அவளுக்கும் சந்தோஷம்தான். அடுத்து அரசுக் கட்டடங்களின் காவலும் வந்தது. தலைமைச் செயலகத்தைக் காவல் காக்கும் மத்தியப் படை வெளியேற வேண்டும் என்றது மாநிலம். மேலிடத்து உத்தரவு இல்லாமல் நகர மாட்டோம் என்றது படை. அன்று செயலக வாசலுக்குப் பொறுப்பு அவள் அண்ணன்.

மத்தியானம், அதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நம்ம ஆளுங்களைச் செயலகக் கேட்டை உடைச்சு உள்ள போகச் சொல்லிடுங்க."

கேட்டின் இரண்டு பக்கமும் குண்டு நிரப்பிய துப்பாக்கிகள்.

"சார், அங்க எங்க அண்ணன் நிக்கிறார்."

"தெரியும்மா. மேலேருந்து என்னைப் பிடுங்கி எடுக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரே ஒரு தடவை பேசிப் பாக்குறேன் சார். அவங்க ஒயர்லெஸ் செட்டும் இன்னும் இதே லைன்லதான் இருக்கு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அவள் மைக்கை அழுத்தினாள்.

"மெயின் கேட், கன்ட்ரோல் பேசுறேன். அண்ணா, உள்ள வரப் போறாங்க. ஓவர்."

வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"கண்ணுக்குத் தெரியுது பாப்பா. இங்க பசங்களுக்குக் கை நடுங்குது. உங்க ஆளுங்களைத் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லு. திறந்து விடுறேன்."

அவள் அதை அப்படியே மாநிலப் போலீஸுக்குச் சொன்னாள். வெளியே ஏதோ மோட்டார் சைக்கிளின் சைலன்சர் படீரென்றதும், துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து மேஜைக்கடியில் குனிந்துவிட்டாள்.

"திறந்தாச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல," என்றது ஒயர்லெஸ்.

உத்தரவில்லாமல் திறந்ததற்காக அண்ணனைப் படையிலிருந்து சஸ்பெண்ட் செய்தார்கள். மாநில அரசோ அவருக்கு மாலை போட மேடை கட்டியது. அவர் போகவில்லை.

"யாரையும் ஜெயிக்க வைக்கத் திறக்கல பாப்பா. பயந்து திறந்தேன்," என்றார் போனில்.

அடுத்து விமான நிலையக் காவலும் மாநிலத்துக்கு வரப்போகிறது என்கிறார்கள். அங்கே நிற்கும் படையில், மைக்கில் கூப்பிட்டுப் பேச அவளுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. செய்தி கேட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.